மழலைத் துபாஷி

துபாஷி என்றோர் இனம் கும்பினிக்காரனோடு கப்பலேறிப் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளைக்காரத் துரை ஒரு வார்த்தை உறுமினால் அதை ஒன்பது வார்த்தையாக்கி, நடுவில் தன் சொந்தச் சரக்கையும் நைசாகச் செருகி, கேட்பவன் வாய் பிளக்கும்படி எடுத்துவிட்டு, துரையைவிடத் தானே பெரிய ஆள் என்று மீசை முறுக்கினாரே, அந்த மனிதர் எங்கும் போகவில்லை. எசமானை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். இப்போது அவருடைய துரைக்கு இடுப்பில் ஓர் அரைஞாண் கயிறு. அதற்கு மேலும் ஒன்றுமில்லை, கீழும் ஒன்றுமில்லை. துரை வாயில் எச்சில் ஒழுக "ங்கா" என்பார். துபாஷி நம் பக்கம் திரும்பி, "மெட்ராஸ்லயும் இதே வெயில்தானான்னு கேக்கறான்" என்பார்.

இவர்தான் மழலைத் துபாஷி. எந்த மண்ணிலும் விளைவார். மழை வேண்டாம், எரு வேண்டாம். வீட்டில் ஒரு குழந்தை வாயைத் திறந்தால் போதும். பெரும்பாலும் அப்பனாக இருப்பார், சில வீடுகளில் தாத்தா, அரிதாக அத்தை. தாய்மாரில் இந்த இனம் குறைவு. பெண்களுக்கு அடக்கம் அதிகம் என்று தப்புக் கணக்குப் போடாதீர்கள். குழந்தை என்ன சொல்கிறது என்று சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால், அடுத்த நிமிஷம் பாயை அலச வேண்டியவள் அவள்.

திருத்தணியில், மலைக்குப் போகும் சாலையை ஒட்டிய சந்தில், ஓட்டு வீட்டின் முன்பகுதியில் குடியிருந்த பஞ்சாட்சரத்தை எடுத்துக்கொள்வோம். வருஷம் எழுபத்து நாலு. காலை பாசஞ்சரில் அரக்கோணம் போய், ஓர் அலுவலகத்தில் காகிதத்தை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு நகர்த்திவிட்டு, மாலை பாசஞ்சரில் திரும்பி வருகிற மனிதர். கல்யாணமாகிப் பல வருஷம் வரை அவர் வாய் திறந்து நாலு வார்த்தை பேசி ரயிலில் ஒருவரும் கேட்டதில்லை. நால்வர் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டாடும்போது, நடுவில் துண்டு விரிக்க ஒரு முழங்கால் வேண்டுமல்லவா? அந்த முழங்காலாக மட்டுமே அவரை எல்லோரும் அறிந்திருந்தார்கள். பிறகு பையன் பிறந்தான். தணிகாசலம் என்று பேர் வைத்தார். பையன் பேசத் தொடங்குவதற்கு வெகு நாள் முன்பே அப்பா பேசத் தொடங்கிவிட்டார்.

கைக்குழந்தையாக இருந்தபோது பையன் ஒருநாள் விக்கினான். மறுநாள் ரயிலில் பஞ்சாட்சரம், "முருகாங்கறான்" என்று அறிவித்தார்.

"விக்கலா இருக்கும்பா. ஒரு வாய் தண்ணி குடு" என்றார், கையில் சீட்டோடு உட்கார்ந்திருந்த கண்ணையன்.

அன்றிலிருந்து கண்ணையனுக்குப் பஞ்சாட்சரத்தின் முழங்கால் கிடையாது.

ஒன்றே முக்கால் வயதில் பையனிடம் உண்மையில் இருந்த சொத்து என்ன? விரல்விட்டு எண்ணலாம். "இங்கா" என்றால் பால். பால் மட்டுமா? நிலாவும் இங்கா, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரும் இங்கா, பக்கத்துப் பகுதியில் குடியிருந்த ரோஷன் பீயின் வெள்ளைத் துப்பட்டாவும் இங்கா. "மொட்ட" என்பது அந்த ஊர் கொடுத்த வார்த்தை. விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை, முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலைகள் வாசலைக் கடந்துகொண்டே இருக்கிற ஊரில் ஒரு குழந்தை வேறு எதைக் கற்கும்? ஆகவே தலையெல்லாம் மொட்ட. அப்புறம் பித்தளைச் செம்பு மொட்ட, கோழிமுட்டை மொட்ட, ரோஷன் பீயின் புருஷன் ஷரீப் சைக்கிள் கடையில் தொங்கவிட்டிருந்த மணிமூடி மொட்ட. "தா" என்றால் கொடு, எடுத்துக்கொள், தூக்கு. காக்கை பறந்தாலும் பால் கொட்டினாலும் விளக்கு அணைந்தாலும் "போச்சு". இத்தோடு "மூக்கு" என்று ஒன்று. அதன் கதை பிறகு வருகிறது.

இதைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. வீட்டிலிருக்கும் நாலு பாத்திரத்தை வைத்துக்கொண்டு கல்யாணச் சமையல் செய்கிறவனுடைய சாமர்த்தியம் இது. ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள பொருளையெல்லாம் அதில் கட்டி இழுத்துப் பார்க்கிறான். இழுபடும் வரை இழுக்கிறான். பிறகு ஒருநாள் ஏதோ ஓர் அவசரம் வருகிறது. ஒற்றை வார்த்தை போதவில்லை. அன்றைக்கு இரண்டை எடுத்து முடிச்சுப் போடுகிறான். யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனுக்கு ஓர் அவசரமும், எதிரில் ஒரு காதும் இருந்தால் போதும். துபாஷி வீட்டில் அவசரத்துக்குக் குறைவில்லை. காதுதான் கிடையாது.

காது எப்படி இருக்கும்? அந்த இடத்தில்தான் வாய் முளைத்திருக்கிறதே!

ஒருநாள் காலையில் பையன் வாசற்படியில் உட்கார்ந்து, தண்ணீர் எடுத்துக்கொண்டு போன ரோஷன் பீயைப் பார்த்து, "மொட்ட, மொட்ட" என்று கையை நீட்டினான்.

"'அத்தை, பாய் கடைக்குப் போயிட்டாரா'ன்னு கேக்கறான்" என்றார் பஞ்சாட்சரம்.

ரோஷன் பீ இடுப்பிலிருந்த செம்பைப் பையனிடம் நீட்டினாள். அவன் அதை இரண்டு கையாலும் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"செம்பக் கேக்குதுங்க புள்ள" என்றாள் அவள்.

"ஆங், அது அப்புறம் கேட்டது. மொதல்ல பாயத்தான் கேட்டான்."

"அய்யா, புள்ள பேசறதுக்கு முன்ன நீங்களே எல்லாம் பேசிடறீங்களே. அவுரு எப்பதாங்க பேசறது?"

பஞ்சாட்சரம் இதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. துரையின் பாஷை தெரியாத பாமர ஜனங்களைப் பார்த்துத் துபாஷிகள் எப்போதும் சிரிப்பதுபோலச் சிரித்தார்.

வீட்டுக்கு எவன் வந்தாலும் சோதனைச் சாவடி தாண்டாமல் போக முடியாது. காப்பி வரும் முன்பே குழந்தை வரும். நடு முற்றத்தில் நிறுத்தப்படும். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு." பையன் விரலைச் சப்புவான். "சொல்லிட்டான், நீங்கதான் கவனிக்கல." "காக்கா எப்படிக் கத்தும்?" பையன் பார்ப்பான். அப்பா கத்துவார். கத்திவிட்டு, "எவ்வளவு தத்ரூபம் பாருங்க" என்பார். யாருடைய தத்ரூபம்? வந்தவர் எழுந்திருக்கப் பார்ப்பார். "இருங்க இருங்க, மூக்கு இருக்கு." இதுதான் கடைசி வேட்டு. "மூக்கு எங்கே?" என்றால் பையன் தன் மூக்கில் விரலை வைத்து "மூக்கு" என்று தெளிவாகச் சொல்வான். இந்த ஒன்று மட்டும் நிஜம். இந்த ஒரு நிஜத்தின் முதுகில்தான் அத்தனை பொய்யும் சவாரி செய்துகொண்டிருந்தது.

துபாஷிக்குப் பிடிக்காத வார்த்தையும் ஒன்று இருந்தது. ஒருநாள் காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது பையன், "போச்சு" என்றான். அப்பா போகிறார் என்று அர்த்தம், வேறென்ன? பஞ்சாட்சரம் வெலவெலத்துப் போனார். புறப்படும்போது "எங்கே" என்று கேட்டாலே ஆகாது, "போச்சு" என்றால் உருப்படுமா? திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டார். சகுனத்தைச் சரிசெய்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பாசஞ்சரின் கடைசிப் பெட்டி அரக்கோணம் பக்கமாகத் தேய்ந்து மறைந்துகொண்டிருந்தது. ஆக, பையன் சொன்னது சரியாகப் போயிற்று. இதற்கு அப்பா செய்த பரிகாரம் என்ன தெரியுமா? வார்த்தைக்குத் தடை போட்டார்.

"போச்சு சொல்லக் கூடாது. வந்துச்சு. சொல்லு, வந்துச்சு!"

அன்று முதல் அந்த வீட்டில் பால் கவிழ்ந்தால் வந்துச்சு, காக்கை பறந்தால் வந்துச்சு, விளக்கு அணைந்தாலும் வந்துச்சு. பையன் அப்பாவின் முகத்தை உற்றுப் பார்ப்பான். கவிழ்ந்த பாலையும் பார்ப்பான். பிறகு அடிக்குரலில், தனக்கு மட்டும், "போச்சு" என்பான்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஞ்சாட்சரத்தின் அலுவலகத்தில் பெரிய குமாஸ்தாவாக இருந்த நாகராஜன் வேண்டுதலுக்கு மலையில் முடியிறக்கிவிட்டு, தலை நிறைய ஈரச் சந்தனமும் மடியில் மூக்குப்பொடி டப்பியும் கையில் வறுத்த பட்டாணிப் பொட்டலமுமாக இறங்கி வந்தவர், "இன்னாப்பா பஞ்சாட்சரம், வூடு இங்கதான?" என்று வாசலில் வந்து நின்றார். பஞ்சாட்சரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடிற்று. பாயை விரித்தார், விசிறியை எடுத்தார், மனைவி பத்மாவைக் காப்பிக்கும் வெங்காய பஜ்ஜிக்கும் விரட்டினார். உள்ளே பம்பு ஸ்டவ் பற்றிக்கொண்டு, சாலையில் போகிற லாரிபோல இரையத் தொடங்கியது. இங்கே துரை சபைக்குக் கொண்டுவரப்பட்டார்.

பையன் நாகராஜனின் தலையைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்தது. "மொட்ட!" என்றான்.

இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா? நாகராஜனின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. துபாஷியா அசருகிறவர்?

"'மோட்டார்ல வந்தீங்களா'ன்னு கேக்கறான் சார்."

"ஓகோ" என்றார் நாகராஜன். "நடந்துதாண்டா வந்தேன்." பொட்டலத்தைப் பிரித்து ஒரு பட்டாணியை எடுத்துக் காட்டினார். "இது இன்னா சொல்லு? பட்டாணி."

"தாணி" என்றான் பையன், கையை நீட்டி. பெரிய குமாஸ்தா ஒரு பிடி அள்ளி அவன் கையில் கொட்டினார். பல் முழுதாக முளைக்காத குழந்தைக்கு வறுத்த பட்டாணியை எவனாவது கொடுப்பானா? கொடுப்பான், அவன் கவனம் வேறிடத்தில் இருந்தால். நாகராஜனின் கவனம் வேறிடத்தில்தான் இருந்தது. பஞ்சாட்சரம் அறியாத உண்மை ஒன்று உண்டு: நாகராஜனும் துபாஷி. மகள் வயிற்றுப் பேத்தி ஒருத்தி அரக்கோணத்தில் அவர் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தாள்.

"பட்டாணின்னு சொல்ல வரல போல கீது" என்று இழுத்தார் நாகராஜன். "எங்க பாப்பா இந்த வயசுல, 'தாத்தா ஆபீசு போறாரு'ன்னு சேத்துச் சொல்லுவா."

அலுவலகத்தில் நாகராஜன் பகலை இரவென்றால், "நட்சத்திரம்கூட தெரியுது சார்" என்கிறவர் பஞ்சாட்சரம். ஆனால் இது அலுவலகமா? அடிபட்ட துபாஷி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவனும் சொல்லுவான் சார். புது ஆளப் பாத்தா கொஞ்சம் கூச்சம்."

"எங்க பாப்பாவுக்குக் கூச்சமே கெடையாது."

"ரயில் பேரெல்லாம் சொல்லுவான் சார்."

"பாப்பா ரயிலு போற ஊரெல்லாம் சொல்லுவா."

இரண்டு சேவலைக் கூடையிலிருந்து திறந்துவிட்டாகிவிட்டது. சேவற்கொடியோன் குடியிருக்கிற ஊர். சண்டை நடப்பதில் வியப்பில்லை. இரண்டு பேரும் சிறகடித்துக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், அவர்களுடைய முழங்காலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பையன் என்ன செய்தான் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு பட்டாணியை எடுத்தான். அதை இங்கே திருப்பி அங்கே திருப்பிப் பார்த்தான். வாயில் வைத்தான், கடிபடவில்லை, எடுத்தான். வீட்டுக்கு எவன் வந்தாலும் விரலை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு நாளெல்லாம் பழக்கிவைத்திருக்கிறார்களே! விரல் போகிற வழியில் பட்டாணியும் போயிற்று. வலது மூக்கு. உள்ளே.

விரல் திரும்பி வந்தது. பட்டாணி வரவில்லை.

வறுத்த பட்டாணிக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் கண்டால் ஊறும், ஊறினால் பருக்கும். ஆடி மாதத்துக் காற்றில் ஒரு குழந்தையின் மூக்கில் ஈரத்துக்குப் பஞ்சமா?

பையன் மூச்சை இழுத்துப் பார்த்தான். பட்டாணி இன்னும் ஒரு நூல் மேலே ஏறிற்று. உப்பு எரிந்தது. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தான். மூக்கைத் தொட்டான். "மூக்கு" என்றான்.

"பாத்தீங்களா சார்! நாம கேக்கவே இல்ல. தானா காட்டறான்."

"மூக்கு!" என்றான் பையன், அழுகைக் குரலில்.

"எங்க பாப்பா முழங்கை வரைக்கும் காட்டுவா" என்றார் நாகராஜன்.

"தணிகை, சாருக்கு முழங்கை காட்டு."

பையன் முழங்கையைக் காட்டவில்லை. ஒற்றை வார்த்தை பலிக்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவசரம் வந்துவிட்டது. அந்தச் சின்னத் தலைக்குள் இதுவரை தனித்தனியாகக் கிடந்த இரண்டு வார்த்தைகளை அவன் தேடி எடுத்தான். பிறந்தது முதல் செய்யாத காரியத்தைச் செய்தான்.

"மூக்கு தாணி."

பஞ்சாட்சரத்துக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. "சார்! சேத்துட்டான் சார்! ரெண்டு வார்த்தை!"

நாகராஜன் கண்ணை இடுக்கினார். "சேத்தது எங்க? நடுவுல மூச்சு வுட்டான்பா. மூக்கு தனி, தாணி தனி. ரெண்டு காகிதம் பக்கத்துப் பக்கத்துல கெடந்தா ஒரே பைலுன்றியா?"

"குண்டூசி குத்தின மாதிரி சொன்னான் சார்."

"எனக்குக் குண்டூசி கேக்கலியே. இன்னொரு தபா சொல்லச் சொல்லு."

"சொல்லு ராஜா, சாருக்கு இன்னொரு தபா சொல்லு!"

"மூக்கு தாணி" என்றான் ராஜா. கண்ணில் நீர் தளும்பிற்று. மூச்சில் மெல்லிதாக ஒரு விசில் சத்தம் கேட்கத் தொடங்கியது. "மூக்கு தாணி!"

இரண்டு பெரிய மனிதர்கள். ஒருவராவது, "மூக்குக்கும் பட்டாணிக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டாரா? கேட்கமாட்டார்கள். ரயில்வே கேட்டில் நின்றுகொண்டு, மணி எவ்வளவு கணீரென்று அடிக்கிறது என்று தலையாட்டி ரசிக்கிறவனுக்கு, ரயில் வருகிறது என்பது தோன்றாது.

பையன் கடைசி முயற்சியாகத் அப்பா தடை போட்டிருந்த சொல்லையும் எடுத்து அதன் வாலில் கட்டினான். "மூக்கு தாணி போச்சு!"

மூன்று! பஞ்சாட்சரம் எழுந்தே நின்றுவிட்டார். அரக்கோணத்துப் பாப்பாவின் கொடி அறுந்து விழுந்தது. ஆனால் மகிழ்ச்சியின் நடுவே ஒரு முள். மேலதிகாரி மங்களகரமாக மலையிறங்கி வந்திருக்கிறார். அவர் முகத்துக்கு எதிரே போச்சு என்றால் என்ன நினைப்பார்?

"போச்சு இல்லடா கண்ணு, வந்துச்சு. மூக்கு தாணி வந்துச்சு. எங்க, சொல்லு!"

பையன் அப்பாவைப் பார்த்தான். உலகத்தில் எத்தனையோ குழந்தைகள் எத்தனையோ அப்பன்களை அப்படிப் பார்த்திருக்கின்றன. அப்பன்கள்தான் பார்த்ததில்லை. வரவில்லை, போயிருக்கிறது, உள்ளே போயிருக்கிறது. ஒரு சொல்லை மாற்றினால் பட்டாணி வெளியே வந்துவிடுமா?

"போச்சு!" என்று வீரிட்டான். "மூக்கு தாணி போச்சூ!"

அந்தச் சமயம் பார்த்து உள்ளே ஸ்டவ் அணைந்தது. இரைச்சல் நின்றதும் குழந்தையின் குரல் நேராகச் சமையற்கட்டுக்குப் போயிற்று. பத்மா அதில் எத்தனை வார்த்தை என்று எண்ணவில்லை. வாசற்கதவுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே பஜ்ஜித் தட்டு கீழே விழுந்து உருண்டது.

"இன்னாது? மூக்குல பட்டாணி போச்சா?"

பையனை வாரி எடுத்தாள். மோவாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஏங்க! உள்ள கீதுங்க! மேல ஏறிக்கினு கீது!"

"இரு பத்மா" என்றார் பஞ்சாட்சரம், இன்னும் மேகத்திலிருந்து இறங்காமல். "சார் எதிர்ல இன்னொரு தபா முழுசா சொல்லட்டும். மூணு வார்த்தை..."

"இன்னொரு தபாவா? அந்தப் பொட்டலம் மொத்தத்தையும் உங்க வாயில கொட்டி அடைக்கணும்! புள்ள கத்திக்கினு கீது, நீங்க வார்த்தைய எண்ணிக்கினு கீறீங்க!"

அப்போதுதான் பஞ்சாட்சரத்துக்கு உறைத்தது. உறைத்தவுடன் என்ன செய்தார்? விரலை மூக்குக்குள் விடப் போனார்.

"கைய எடுங்க! இன்னும் உள்ள போயிடும்!"

ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் மெட்ராஸ் போயிருந்தார். பையனின் மூச்சு விசிலடித்தது. பஞ்சாட்சரம் மலைப்பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார். பட்டாணி கொடுத்த புண்ணியவான் நாகராஜனுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பொடிபோடுகிறவர்களுக்குப் பயம் வந்தால் கை தானாக மடிக்குப் போகும். நாகராஜனின் கை போயிற்று. டப்பியை எடுத்தார். மூடி திறந்துகொள்ள, டப்பி கைநழுவிற்று. பொடி குபீரென்று பையனின் முகத்துக்கு நேரே பறந்தது.

பையனின் முகம் கோணிற்று. மூக்கு சுருங்கிற்று. பத்மா சட்டென்று அவனுடைய இடது மூக்கை விரலால் அழுத்தி மூடினாள். பையன் வாய் பிளந்து, கண் சொருகி, ஒரு தும்மல் தும்மினான் பாருங்கள்! பட்டாணி புறப்பட்டது. கீழே குனிந்து டப்பியைத் தேடிக்கொண்டிருந்த பெரிய குமாஸ்தாவின் தலையில், நடு உச்சியில், ஈரச் சந்தனத்தில் 'தத்'தென்று ஒட்டிக்கொண்டது.

"வந்துச்சு! வந்துச்சு!" என்று கத்தினார் பஞ்சாட்சரம். இந்த ஒரு முறை அந்த வார்த்தை பொருத்தமாகவே இருந்தது.

பத்மா பையனை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத்தான் அழுகை வந்தது; பையனுக்கு நின்றுவிட்டது. ஒழுகும் மூக்கோடு, காணாமற்போன தன் பொருள் எங்கே என்று சுற்றிலும் பார்த்தான். கண்டுபிடித்தான். நிதானமாக விரலை நீட்டினான்.

"மொட்ட தாணி" என்றான்.

குற்றம் சொல்ல முடியாத வாக்கியம். பொருள் இருக்கிறது, இடம் இருக்கிறது, இரண்டும் கண்ணெதிரே இருக்கின்றன. யாரும் கற்பிக்கவில்லை, கேட்கவுமில்லை. ஆனாலும் வழக்கம் விடுமா? பஞ்சாட்சரத்தின் வாய் தானாகத் திறந்தது.

"சார், அவன் இன்னா சொல்றான்னா..."

நாகராஜன் உச்சந்தலையிலிருந்து பட்டாணியைப் பிய்த்து எடுத்துப் பார்த்தார். அது முன்னைக்கு இப்போது கொஞ்சம் பருத்திருந்தது.

"வேணாம்பா" என்றார். "எனக்கே புரியுது."

இதோடு துபாஷி திருந்தினார் என்று எழுதிவைத்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்குத்தான் உண்மையாக இருக்காது. திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் பஞ்சாட்சரம் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து, "மூணு வார்த்தை சேத்துட்டான். பெரிய குமாஸ்தா சாட்சி" என்று அறிவித்தார். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"இன்னா மூணு வார்த்தை?" என்றார் கண்ணையன், சீட்டைக் குலுக்கிக்கொண்டே.

மூக்கு, பட்டாணி, போச்சு என்பவை மூன்றும் பஞ்சாட்சரத்தின் நாக்கு நுனியில் வந்து நின்றன. அப்புறம் துபாஷி வேலையைத் தொடங்கினார்.

"'முருகன் தணிகைக்கு வந்துட்டான்'னான்" என்றார்.

பையன்? அவன் கெட்டிக்காரன். அன்று முதல் சொல்ல வேண்டியதையெல்லாம் சமையற்கட்டுக்குப் போய்ச் சொன்னான். "மம்மு தா", "ரயில் போச்சு", "பூன இங்கா குடிச்சு" என்று அங்கே நாளுக்கு நாள் முடிச்சுகள் பெருகின. முற்றத்துக்கு வந்தால் பழைய ஒற்றை வார்த்தைதான். "மூக்கு எங்கே?" என்று அப்பா கேட்பார். பையன் காட்டுவான். துபாஷிக்குத் துரை செய்கிற ஊழியம்.

சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால் "மொட்ட தாணி" என்று படித்த இடத்தில் உங்கள் உதடு இலேசாக அசைந்ததே, அது எதற்கு? "இது என்ன பிரமாதம், எங்கள் வீட்டுச் சின்னது இந்த வயதில்..." என்று பக்கத்திலிருப்பவர் பக்கம் திரும்பிவிட்டீர்கள். சொல்லுங்கள், தடையில்லை; அவரும் தம் வீட்டுச் சின்னதைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்துகொண்டிருக்கிறார். தொடங்குவதற்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். இவ்வளவு நேரமாக யாரோ கீழே நின்று உங்கள் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்களே, என்ன வேண்டுமென்று ஒருமுறை குனிந்து கேட்டுவிடுங்கள்.

அப்படியே மூக்கையும் பார்த்துவிடுங்கள்.